கதவு வகுப்பு

சென்செய் என்பது அவருடைய பெயரல்ல. ஜப்பானிய மொழியில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒன்பது வருஷமாக மாணவர்கள் படியேறும்போதும் இறங்கும்போதும் அப்படியே கூப்பிட்டதில், கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அதுதான் அவருடைய பெயர் என்று முடிவு கட்டிவிட்டார். கண்ணாடிக் கூட்டின் மேலும் அதையே எழுதிக் கொடுத்தார். சென்செய் அதைத் திருத்தவில்லை. வீட்டில் வைத்த பெயரைவிட இது தனக்குப் பொருத்தமாக இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ.

கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் அந்த மொழி மையம். லிஃப்ட் கிடையாது. நாற்பத்திரண்டு படிகள். பாதியில் ஒரு திருப்பம், அங்கே கால் உடைந்த நாற்காலிகளும் காலித் தண்ணீர்க் கேன்களும். வாரநாட்களில் அங்கே தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வருவார்கள். சனிக்கிழமை காலையில் மட்டும் சென்செயின் ஆட்கள். அவர்களுக்குத் தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது, அந்த மொழியால் ஆகவேண்டிய காரியம் ஒன்றும் கிடையாது. ஆசைக்குப் படிப்பவர்கள். அவர்களுக்குப் பாடம் வகுத்துக் கொடுப்பதுதான் சென்செயின் தொழில்.

'இதெல்லாம் ஒரு தொழிலா' என்று கேட்காத உறவினர் இல்லை. ஒரு மச்சினர் பார்க்கும்போதெல்லாம், "புத்தகம்தான் கடையில கிடைக்குதே, அதைப் பாத்து நடத்த வேண்டியதுதானே?" என்பார். அவரிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. புத்தகத்தைப் பார்த்து நடத்திக் கையைச் சுட்டுக்கொண்டவர் சென்செய்.

மையத்துக்கு வருவதற்கு முன் பதினைந்து வருஷம் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தார். ஜப்பானிலிருந்து வரும் இயந்திரங்களின் கையேடுகளை மொழிபெயர்க்கும் வேலை. வால்வு, வாஷர், எண்ணெய் மாற்றும் முறை என்று அந்த மொழியில் அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை கம்பெனி அவரைப் பதினோரு நாள் ஜப்பானுக்கு அனுப்பியது. பதினோரு நாளும் ஒரே தொழிற்சாலைக்குள் கழிந்தது. பூ பார்த்தீர்களா, மலை பார்த்தீர்களா என்று கேட்டவர்களிடம், "கம்ப்ரஸர் பாத்தேன்" என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார். அந்தக் கம்பெனி வேறொரு கம்பெனியோடு சேர்ந்தபோது அவருடைய வேலை போய்விட்டது. அப்படித்தான் மொழி மையத்துக்கு வந்தார்.

முதல் வருஷம் இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். நல்ல புத்தகமாகப் பார்த்து முதல் பக்கத்திலிருந்து நடத்தினார். ஏழாவது வாரம் எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர். வேறு யாராக இருந்தாலும், பெரியவர்களுக்குப் படிப்பு ஏறாது என்று கை கழுவியிருப்பார்கள். சென்செய்க்குக் கையேடு மொழிபெயர்த்த புத்தி. இயந்திரம் நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று பார்க்காமல் விட மாட்டார். ஓடிப்போன பதினேழு பேருக்கும் ஒருவர் விடாமல் போன் போட்டார்.

பாடம் கஷ்டம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு ஆபீஸில் ஆடிட், ஒருவர் வீட்டில் விருந்தாளி. எல்லாருமே ஒன்றிரண்டு வாரம்தான் விட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் வரவில்லை. ஒரு பல் டாக்டர்தான் உள்ளதை உடைத்துச் சொன்னார். "ரெண்டு வாரம் வரல மேடம். மூணாவது வாரம் படி வரைக்கும் வந்தேன். உள்ளே போனா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, நீங்க எங்க போனீங்கன்னு கேப்பீங்க, அப்புறம் பாடமும் புரியாது. அந்தத் திருப்பத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு இறங்கிப் போயிட்டேன்."

நாற்பது ஐம்பது வயதான மனுஷர். தினமும் அடுத்தவர் வாய்க்குள் துளை போடுகிறவர். ஒரு வகுப்புக்குள் நுழைய வெட்கப்பட்டுக்கொண்டு உடைந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். போனை வைத்துவிட்டு சென்செய் ஒரு காகிதத்தை எடுத்தார்.

அப்படிப் பிறந்ததுதான் கதவு வகுப்பு. பதினாறு சனிக்கிழமைகளில் ஒவ்வொரு நான்காவது சனிக்கிழமையும் கதவு வகுப்பு. முந்தைய மூன்று வாரமும் தலைகாட்டாத ஒருவர் திடீரென்று வந்து உட்கார்ந்தாலும் அன்றைக்கு முழுப் பாடமும் அவருக்குப் புரிய வேண்டும். விடாமல் வந்தவருக்கும் அலுக்கக் கூடாது. இரண்டு பேரும் ஒரே கோட்டிலிருந்து தொடங்க வேண்டும். கேட்க லேசாக இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். மூன்று சாதாரண வகுப்புக்கு ஆகும் நேரம் ஒரு கதவு வகுப்புக்கு ஆனது. பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி அலமாரிக் கதவில் குத்தி வைத்து, இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். தான் ஒரே மூச்சில் ஏழு நிமிஷத்துக்கு மேல் பேசக் கூடாது என்று தனக்கே சட்டம் போட்டுக்கொண்டார். எழுத்தைப் பெரிதாக அச்சடித்தார், ஏனென்றால் பாதிப் பேர் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள். வீட்டுப்பாடம் என்றால் பேருந்துக்கோ வரிசையிலோ காத்திருக்கும்போது மனசுக்குள் செய்யக்கூடியதாக மட்டுமே கொடுத்தார். இப்படி அடுத்தவருடைய அலுப்பையும் வெட்கத்தையும் முன்கூட்டியே யோசித்து வைக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர்? அவரை அதற்காகவே கையெடுத்துக் கும்பிடலாம்.

கூடவே ஒரு விதி. முதல் நாளே சொல்லிவிடுவார். "வராம இருந்தவங்க திரும்பி வந்தா, எங்க போனீங்கன்னு யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்க மாட்டேன்."

பாடம் சரியாக வந்திருக்கிறதா என்று சோதித்துப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் இருந்தது. அக்கா. சென்செயைவிட ஆறு வயது மூத்தவள், வேறு ஊரில் ஒரு பேக்கரியில் கேக்கின் மேல் கிரீமால் பெயர் எழுதும் வேலை. கை அவ்வளவு சுத்தம். தலையில்தான் எதுவும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு சென்செய் போன் போடுவார்.

"அக்கா, இப்ப உனக்கு ஜப்பான் மொழி எவ்வளவு தெரியும்?"

"போன தடவை எவ்வளவு தெரிஞ்சுதோ அவ்வளவு."

"ஒண்ணும் தெரியாதே."

"அதேதான். ஆரம்பிடி."

ஒன்பது வருஷம் பாடம் கேட்டும் அக்காவுக்கு ஒரு வார்த்தை ஒட்டவில்லை. அதுதான் அவளுடைய தகுதி. அக்காவுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும். அக்கா நடுவில் கொட்டாவி விட்டால் சென்செய் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டு, திரும்ப எழுதுவார். "இந்த எடத்துல என்னை விட்டுட்டு நீ மட்டும் போயிட்டடி" என்று அக்கா சொல்லிவிட்டால் போச்சு, மொத்தப் பாடமும் மாறும்.

இந்த ஏற்பாடு எட்டு வருஷம் யார் கண்ணிலும் படாமல் ஓடியது. ஒன்பதாவது வருஷம் மையத்துக்குப் புது நிர்வாகி வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. எல்லாவற்றையும் கட்டம் போட்டுப் பார்க்கிறவர், அவ்வளவுதான். சென்செயின் பாடத்திட்டத்தையும் கட்டம் போட்டுப் பார்த்தார்.

"மேடம், பதினாறு வகுப்புல நாலு வகுப்புல புதுசா எதுவுமே இல்லையே?"

"இருக்கு சார். ஆனா முந்தின மூணு வகுப்புக்கு வராதவங்களுக்கும் புரியும்."

"அதான் சொல்றேன். ஒழுங்கா வர்றவங்களுக்கு அது வீண்தானே?"

"ஒழுங்கா வர்றவங்களும் ஒருநாள் வராம போவாங்க சார்."

நிர்வாகி சிரித்தார். ஆனால் விடவில்லை. தயாராக அச்சடித்த தேர்வுப் பாடம் ஒன்று அவர் மேஜையில் இருந்தது. சனிக்கிழமைக்கும் அதையே போட்டுவிடலாம் என்பது அவர் எண்ணம். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். "இந்தத் தடவை பதினெட்டுப் பேர் சேந்திருக்காங்க. உங்க இஷ்டப்படியே நடத்துங்க. கடைசி சனிக்கிழமை நானே வந்து எண்ணுவேன். பன்னிரண்டு பேர் இருந்தா உங்க பாடம் இருக்கும். இல்லைன்னா அடுத்த தடவை தேர்வுப் பாடம்."

சென்செய் சரி என்று சொல்லிவிட்டு வந்தார்.

முதல் சனிக்கிழமை. வழக்கம்போல ஆளுக்கொரு சீட்டுக் கொடுத்தார். 'இந்த மொழியில் உங்களுக்கு என்ன ஒன்று வேண்டும், ஒரு வரியில் எழுதுங்கள்.' அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் பாடம் வகுப்பார். தையல்காரம்மா எழுதினார்: 'ஜப்பான் தையல் புத்தகத்தில் அம்புக்குறிக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியணும்.' பழைய பல் டாக்டர் நான்காவது தடவையாக வந்திருந்தார். 'நாள் பூரா அடுத்தவங்களை வாயைத் திறக்கச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் நான் திறக்கணும்.'

கடைசி வரிசையில் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர். அகலமான தோள், எதிரே பஸ்ஸின் முன்கண்ணாடி இருப்பதுபோல நேராகப் பார்க்கிற கண். அவர் சீட்டை எழுதி முடிக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். 'ஜப்பான் ரயில் டிரைவர் கேபினில் எடுத்த வீடியோ தினமும் பார்க்கிறேன். ரயில் ஓட்டுகிறவர் விரலை நீட்டி நீட்டி ஏதோ சொல்கிறார். அவர் பக்கத்தில் யாரும் இல்லை. யாரிடம், என்ன சொல்கிறார் என்று தெரியணும்.'

சென்செய் அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். அன்றே அதைப் பதினாறாவது வாரத்துக்கு, கடைசிக் கதவு வகுப்புக்கு என்று ஒதுக்கி வைத்தார். அதற்காக அந்த வீடியோக்களை மணிக்கணக்காக உட்கார்ந்து பார்த்தார் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கே போனீர்கள் என்று கேட்கக் கூடாத விதியைச் சொன்னபோது டிரைவர்தான் முதலில் தலையாட்டினார். "சரிதாங்க. முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஏறுறவங்களைப் பாத்து நேத்து ஏன் வரலைன்னு ஒருநாளும் கேட்டதில்ல." வகுப்பே சிரித்தது.

பாடம் நன்றாகத்தான் போனது. சென்செய்தான் சரியில்லை. ஒன்பது வருஷத்தில் இல்லாத பழக்கமாக, உள்ளே நுழைந்ததும் தலைகளை எண்ண ஆரம்பித்தார். பதினெட்டு, பதினேழு, பதினைந்து. ஆறாவது வாரம் டிரைவர் வரவில்லை. ஏழாவது வாரமும் வரவில்லை. மற்ற சமயமாக இருந்தால் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார், எட்டாவது வாரம் கதவு இருக்கிறதே. இந்தத் தடவை வாரம் முழுக்க அந்தக் கடைசி வரிசை நாற்காலியே கண்ணுக்குள் நின்றது.

எட்டாவது வாரம் டிரைவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் தயங்கி நின்றார். சென்செய்க்கு வந்த நிம்மதியில் வாய் முந்திக்கொண்டது.

"எங்க போயிட்டீங்க ரெண்டு வாரமா? நான் பயந்தே போயிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. வகுப்பு மொத்தமும் திரும்பி டிரைவரைப் பார்த்தது. தையல்காரம்மா தலையைக் குனிந்துகொண்டார். டிரைவர், "கொஞ்சம் வேலைங்க" என்றார். போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தொண்ணூறு நிமிஷமும் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

வராமல் இருந்த அந்த இரண்டு வாரம் டிரைவருக்கு என்ன ஆயிற்று என்று சென்செய்க்கு இன்றுவரை தெரியாது. தான் போட்ட விதியை ஒன்பது வருஷத்தில் மீறிய ஒரே ஆள் சென்செய்தான். அதுவும் டிரைவருக்காகக் கேட்கவில்லை, எண்ணிக்கைக்காகக் கேட்டார். அதுதான் அவரைத் தின்றது. போன் போட்டு மன்னிப்புக் கேட்கலாம் என்று இரண்டு முறை எடுத்து வைத்துவிட்டார். போன் போட்டால் அதுவும் இன்னொரு 'எங்கே போனீர்கள்' தானே?

ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் சொன்னார். அக்கா சமாதானம் சொல்கிற ரகம் இல்லை. "தப்புதான் பண்ணிட்ட" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அவருக்குன்னு ஒரு பாடம் வெச்சிருக்கேன்னியே, அதை நல்லா பண்ணு. வேற என்ன செய்ய முடியும்?" என்றாள். பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. மாடி ஏறி வந்தேன் என்று சொல்லிவிட்டாள்.

பன்னிரண்டாவது வாரம் பதினொரு பேர் இருந்தார்கள். வகுப்பு முடிந்து சென்செய் படி இறங்கும்போது அக்காவின் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. நீங்க வந்தா நல்லா இருக்கும்." சென்செய் மையத்தில் மூன்று வாரம் லீவு சொல்லிவிட்டு, பாடக் காகிதங்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவருக்குப் பதிலாகத் தேர்வு வகுப்பு எடுக்கும் ஒரு பெண் சனிக்கிழமைகளைப் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் அக்கா பாதி உடம்பாக இருந்தாள். இதயம். டாக்டர்கள் நிறையச் சொன்னார்கள், சுருக்கமாகச் சொன்னால் ஒன்றும் செய்வதற்கில்லை. போய் இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவே கேட்டாள். "இன்னிக்குப் பாடம் இல்லையாடி?"

சென்செய் கடைசிக் கதவு வகுப்பை எடுத்தார். வார்த்தையை முதலில் சொன்னார். ஷுப்பட்சு ஷிங்கோ. ரயில் கிளம்பும் முன் ஓட்டுநர் சிக்னல் விளக்கைப் பார்த்து விரலை நீட்டி, தன் வாயால் தானே சொல்லிக்கொள்வது. புறப்பாட்டு சிக்னல் விழுந்தாச்சு, போகலாம். யாரும் கேட்பதற்காக அல்ல, தன் கண் உண்மையிலேயே பார்த்ததா என்று தன் கைக்கும் வாய்க்கும் சாட்சி வைப்பது. அக்கா இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் ஸ்கேனுக்கு அழைத்துப் போகச் சக்கர நாற்காலியோடு நர்ஸ் வந்தார். அக்காவை உட்கார வைத்துக் காலை மேலே தூக்கி வைத்ததும், அக்கா வலது கையைத் தூக்கினாள். கிரீம் கூம்பைப் பிடித்துப் பிடித்து நேராகிப்போன அந்த விரலை அறைக் கதவை நோக்கி நீட்டினாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. "என்னமோ சொன்னியே, போடி, மறந்துபோச்சு. போலாம்" என்றாள். நர்ஸ் சிரித்துவிட்டார்.

சென்செய் அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பாடத்தைத் திருப்பிப் போட்டார். வார்த்தை முதலில் என்று இருந்ததை அடித்துவிட்டு, விரல் முதலில் என்று எழுதினார். அக்காவை வைத்துச் சோதித்து அவர் செய்த கடைசித் திருத்தம் அது. அந்த வாரம் வியாழக்கிழமை அக்கா போய்விட்டாள்.

அடுத்த ஒன்பது நாட்கள் கேள்விகளாகவே போயின. எப்படி ஆச்சு? முன்னாடியே தெரியலையா? பெரிய ஆஸ்பத்திரியில காட்டக் கூடாதா? நீ எப்ப வந்த, கடைசியில பக்கத்துல இருந்தியா? கேட்டவர்கள் எல்லாரும் பாசமாகத்தான் கேட்டார்கள். மச்சினர்கூட வந்து கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு தடவை பதில் சொல்லும்போதும் அக்கா இன்னொரு தடவை செத்துப்போனாள்.

பதினாறாவது சனிக்கிழமை காலை சென்செய் மையத்தின் படி ஏறினார். இருபத்தியோராவது படியில், திருப்பத்தில் கால் நின்றுவிட்டது. மேலே பேச்சுச் சத்தம். உள்ளே போனால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். முக்கியமான மூன்று வாரம் அவர்களை யாரோ ஒரு பெண்ணிடம் விட்டுவிட்டுப் போயாயிற்று. எண்ணிக்கை எப்படியும் போயிருக்கும். யாராவது 'என்னாச்சு சென்செய்' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்த இடத்திலேயே உடைந்துவிடுவோம் என்று அவருக்குத் தெரிந்தது. உடைந்த நாற்காலி ஒன்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். பல் டாக்டர் நின்றது இதே இடத்தில்தான். ஒன்பது வருஷமாக மற்றவர்களுக்கு என்று கதவு செய்து வைத்தவருக்கு, அதன் வெளிப்பக்கம் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இறங்கிப் போயிருக்கலாம். அவர் போகவில்லை. பையில் அக்கா திருத்திக் கொடுத்த பாடம் இருந்தது. மீதி இருபத்தியோரு படியையும் ஏறினார்.

உள்ளே நுழைந்தபோது பேச்சு நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஏற்கெனவே எல்லாரும் கதவைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரம்மா எழுந்து பலகையைத் துடைத்தார். பல் டாக்டர் மின்விசிறியைப் போட்டார். ஓரத்தில் நிர்வாகி, மடியில் கட்டம் போட்ட தாள். கடைசி வரிசையில், எதிரே கண்ணாடி இருப்பதுபோல நேராகப் பார்த்தபடி டிரைவர்.

நிர்வாகிக்கு விஷயம் தெரியும். நல்ல மனதோடுதான் எழுந்தார். "மேடம், உங்க அக்கா..."

"சார்" என்றார் தையல்காரம்மா, மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி. "இன்னிக்குக் கதவு வகுப்பு."

நிர்வாகி அவரைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

சென்செய் தலைகளை எண்ணவில்லை. பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "எல்லாரும் எழுந்திரிங்க. யாரும் வாயைத் திறக்க வேண்டாம். விரல் மட்டும்." வலது கையைத் தூக்கிக் கதவை நோக்கி நீட்டிக் காட்டினார். எல்லாரும் நீட்டினார்கள். பல் டாக்டர் ஊசி போடுகிறவர் மாதிரி நீட்டினார். டிரைவரின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக எழுந்தது. இது தன்னுடைய சீட்டு என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

ஐந்து தடவை விரலை மட்டும் நீட்டினார்கள். இனி வார்த்தை. சென்செய் வாயைத் திறந்தார், அக்காவுக்கு வராமல்போன அந்த இடத்தில் அவருக்கும் வரவில்லை. அறை காத்திருந்தது.

கடைசி வரிசையிலிருந்து, பஸ் முழுக்கக் கேட்கிற குரலில், டிரைவர் சொன்னார். "ஷுப்பட்சு ஷிங்கோ."

அர்த்தம் தெரியாமலேயே நூறு வீடியோவில் கேட்டுக் கேட்டுப் பிடித்து வைத்திருந்த சத்தம். அவர் பின்னாலேயே எல்லாரும் சொன்னார்கள். அதற்குள் சென்செய்க்குக் குரல் திரும்பிவிட்டது. அதன் அர்த்தத்தைச் சொன்னார். ஓட்டுநர் யாரிடமும் பேசவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார் என்று சொன்னார். டிரைவர் ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "நானும் சொல்லுவேங்க" என்றார். "மனசுக்குள்ள. கதவு மூடிடுச்சு, பின்னாடி யாரும் ஓடி வரலை, எடுக்கலாம்னு."

வகுப்பு முடிந்து நிர்வாகி தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "பதினாலு பேர் மேடம். நடுவுல நின்னுபோனவங்கள்ல மூணு பேர் இன்னிக்கு வந்துட்டாங்க." பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அது போகட்டும். பதினஞ்சு வகுப்புக்கும் வராதவன் நான். எனக்கே புரிஞ்சுது." படியில் இறங்கும்போது அவர் விரலை நீட்டி ஏதோ முணுமுணுத்ததைக் கண்ணாடிக் கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

எல்லாரும் போன பிறகு டிரைவர் மட்டும் வாசலில் நின்றிருந்தார். அந்தக் கதவு காற்றில் தானாகச் சாத்திக்கொள்ளும், ஆகவே ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார்.

சென்செய் பையை மூடிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு உங்களை நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

"எப்பங்க?" என்றார் டிரைவர். "நீங்க ஒண்ணும் கேக்கலையே."

அப்போதுதான் சென்செய்க்கு அழுகை வந்தது. ஒன்பது நாளாக எல்லாருக்கும் பதில் சொல்லிச் சொல்லி வராமல் நின்றுபோன அழுகை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, சத்தத்தை அடக்காமல் அழுதார். டிரைவர் கிட்டே வரவில்லை, என்னவென்று கேட்கவும் இல்லை. அவர் அழுது முடிக்கும் வரை கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.